ராட்சசனின் இடது தோள்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சிக்கிறியா தம்பி, நான் உட்காந்துக்கிறேன். வடபழனி வரைக்கும் நின்னுக்கிட்டே போனா இந்தக் காலு என்னோடதாவே இருக்காது. ஆங், போதும் போதும். நீ உன் ஆட்டத்தைப் பாரு, நான் ஒண்ணும் பேச மாட்டேன்.

இல்ல, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உன் ஃபோன்ல இப்ப உன்னைத் தூக்கிப் போட்டு மிதிச்சான் பாரு ஒருத்தன், கொம்பு வெச்சிக்கிட்டு, பல்லு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு. அவரு எங்க வீட்டுக்காரரு.

சிரிக்கிற. சிரிச்சிக்கோ, எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. ஃபைட்டர் எத்திராஜுன்னு ஸ்டண்ட்காரங்க யாரைக் கேட்டாலும் தெரியும். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது, ஏன்னா அது மூஞ்சி தெரியாத வேலை. ஹீரோ மாடியிலருந்து குதிச்சா அது ஹீரோ இல்ல, இவரு. ஹீரோவோட சட்டை, ஹீரோவோட விக்கு, முதுகு மட்டும் இவரோடது. டூப் போடாத நாள்ல அடியாளு. கூட்டத்துல ஒருத்தரா ஓடி வருவாரு, ஒரு அடி வாங்குவாரு, மேசை மேல விழுவாரு, மேசை உடையும், அவ்ளோதான் அவரு வேஷம். டிவியில அந்தப் படம் ஓடினா நான் அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடி வருவேன். வர்றதுக்குள்ள விழுந்திருப்பாரு.

எனக்கு அதுல ஒரு வயித்தெரிச்சல் உண்டு. முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் தோத்தாரு. நேத்து வந்த பையன், மீசை கூட ஒழுங்கா முளைக்கல, அவன் கைய வீசுவான், இவரு பறந்து போயி விழுவாரு. "ஏன்யா, உனக்கு ஜெயிக்கிற வேஷமே தர மாட்டாங்களா"ன்னு கேப்பேன். "விழறதுக்குத்தான் என்னைக் கூப்புடறாங்க, ஜெயிக்கறதுக்கு வேற ஆளு இருக்கு"ம்பாரு. குரல்ல ஒரு வருத்தம் இருக்காது. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கும்.

விழறதுலயும் ஒரு முறை வெச்சிருந்தாரு. விழுந்தப்புறமும் கேமரா ஓடிக்கிட்டிருக்கும் இல்ல, அசையக் கூடாது, செத்த மாதிரி கிடக்கணும். ஆனா நெசமாவே அடி பட்டுடுச்சா, நடிக்கிறானான்னு ஸ்டண்ட் மாஸ்டருக்குத் தெரியணும். அதுக்காக வலது கையில ரெண்டு விரலை மட்டும் தரையில லேசாத் தட்டுவாரு. டொக், டொக். எனக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம். கல்யாணமான புதுசுல ஷூட்டிங் பாக்கக் கூட்டிட்டுப் போனாரு. அவரு மாடிப்படியில உருண்டு விழுந்ததும் நான் அலறிட்டேன், ஷாட்டே வீணாப் போச்சு, மாஸ்டர் திட்டித் தீத்துட்டாரு. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில சொல்லிக் குடுத்தாரு. "கத்தாத. விரலைப் பாரு. விரல் ஆடிச்சின்னா நான் நல்லா இருக்கேன்."

அப்புறம் அதையே வீட்டுலயும் ஒரு விளையாட்டா வெச்சிக்கிட்டாரு. கடைக்குப் போயிட்டு வருவாரு, வாசப்படி தடுக்கின மாதிரி பொத்துன்னு விழுவாரு. நான் பதறி ஓடுவேன். பாத்தா விரல் ஆடும். எத்தனை தடவை ஏமாத்தியிருக்காருங்கற. போகப் போக நான் ஓடறதையே விட்டுட்டேன். இருக்கற இடத்துலருந்தே கழுத்தை நீட்டி விரலை மட்டும் பாப்பேன். ஆடும். சரி, எழுந்து வான்னுட்டு என் வேலையப் பாப்பேன்.

வயசாச்சு, முட்டி போச்சு, சின்னப் பசங்களைத்தான் கூப்புடறாங்க. வீட்டுல சும்மா உட்காந்துக்கிட்டு வர்ற போறவங்க ஃபோனையெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பதான் இந்த கேம் கம்பெனியிலருந்து ஆள் தேடி வந்தாங்க. தரமணிப் பக்கம் கண்ணாடிக் கட்டடம். இப்ப அங்கருந்துதான் வரேன், அதை அப்புறம் சொல்றேன். அந்த ராட்சசன் கதை உனக்குத் தெரியுமில்ல? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகை. குகைக்குள்ள கூண்டு, கூண்டுக்குள்ள கிளி, கிளிக்குள்ள ராட்சசனோட உசுரு. நமக்கெல்லாம் சோறு ஊட்டும்போது சொன்ன கதைதான். அதையே சண்டை ஆட்டமாப் பண்றாங்கன்னாங்க. குகை வாசல்ல ராட்சசன் நிப்பான், அவனை விழ வெச்சாத்தான் கூண்டுகிட்ட போக முடியும். அந்த ராட்சசனுக்குச் சண்டை தெரிஞ்ச ஒரு ஒடம்பு வேணுமாம்.

காலி ரூமு. எதிர்ல ஆளே கிடையாது. ஒடம்போட ஒட்டின கறுப்புச் சட்டை, அது பூரா பட்டாணி மாதிரி உருண்டை உருண்டையா ஒட்டி வெச்சிருக்காங்க, சுத்தியும் கேமரா. இவரு காத்தை அடிக்கணும், காத்துகிட்ட அடி வாங்கி விழணும். அந்த அசைவைக் கம்ப்யூட்டர் எடுத்து ராட்சசனுக்குப் போட்டுக்குமாம். சாயங்காலம் வந்து வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாரு, "குணா, இதுல நான்தான் பெரிய ஆளு. என்னைய ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டமாம்." என் பேரு குணசுந்தரி. அந்த மனுஷன் வாயிலருந்து அப்படி ஒரு வார்த்தைய நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. அன்னிக்கு வடை சுட்டேன்.

சாப்பிடும்போது நான்தான் கேட்டேன், கதையில ஒரு பொம்பளை வருவாளே, அவளுக்கு யாரு நடிக்கிறாங்கன்னு. ராட்சசன் வீட்டுலயே இருப்பா இல்ல. அவன் போடற சோத்தைத் தின்னுக்கிட்டு, நைசாப் பேசி, உசுரு எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு, எவனோ ஊரு பேரு தெரியாதவன் வந்து நின்னதும் அவன்கிட்ட ஒப்பிச்சிடுவா. எனக்குச் சின்ன வயசுலயே அவளைப் பிடிக்காது. ராட்சசனா இருந்தா என்ன, அவளை அவன் நல்லாத்தானே வெச்சிருந்தான். இவரு சிரிச்சாரு. "இந்த ஆட்டத்துல அவ கிடையாது. அதான் இவ்ளோ கஷ்டம். ரகசியத்தைச் சொல்லிக் குடுக்க உள்ள ஆளு இல்ல"ன்னாரு. நல்லதாப் போச்சுன்னேன்.

ஆட்டம் வெளிய வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு. ஷூட்டிங்ல இல்ல. வீட்டுல, காலையில. நான் தோசை ஊத்திக்கிட்டிருந்தேன். குளிச்சிட்டு வந்தவரு சமையக்கட்டு வாசல்ல பொத்துன்னு விழுந்தாரு. "தரை ஈரம், எழுந்திரு, நடிச்சது போதும்"னேன். கழுத்தை நீட்டிப் பாத்தேன், கதவு மறைச்சிது, கை தெரியல. கல்லுல தோசை இருந்துச்சு. திருப்பிப் போட்டு, எடுத்து, தட்டுல வெச்சி, சட்னி ஊத்திட்டுத்தான் வந்தேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. கிட்ட வந்து விரலைப் பாத்தேன். தட்டைக் கையில வெச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன் தம்பி. இப்ப ஆடும், இப்ப ஆடும்னு. விரலை ஆட்டலன்னா எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு. அவரு மேலதான் தப்பு. விளையாட்டுன்னு என்னைப் பழக்கி வெச்சதே அவருதானே. டாக்டரு கூட, கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேன்னு எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் என்கிட்டயும் சொன்னாரு.

வண்டி நகரவே இல்ல பாரு. இந்தக் கத்திப்பாரா பாலத்துகிட்ட வந்தாலே இப்படித்தான்.

கருமாதிக்கு மாலை போட ஒரு படம் கிடையாது. முப்பது வருஷம் கேமரா முன்னாடி நின்ன மனுஷன். யூனியன் கார்டுல இருந்ததைப் பெருசு பண்ணினாங்க, மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. வேற ஒரு படம் இருந்துச்சு, அதுல ஹீரோவோட விக்கு வெச்சிருக்காரு, முதுகைக் காட்டிக்கிட்டு. கடைசியில அந்த மூக்குக்குத்தான் மாலை போட்டோம்.

அப்புறம் ஒரு நாள் அவரு கூட வேலை செஞ்ச டில்லின்னு ஒரு பையன் வந்து, அண்ணன் நடிச்ச கேம் வந்துடுச்சு அண்ணி, வாங்க காட்டறேன்னு கூட்டிட்டுப் போனான். ஆற்காடு ரோட்டுல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல கேம் சென்டரு. பெரிய டிவி, முன்னாடி பசங்க. காட்டினான். எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. பனை மர உயரத்துக்கு ஒரு ஜென்மம், நீல ஒடம்பு, தோள் ரெண்டையும் மூடிச் சடை தொங்குது. இதுல எங்கடா அவருன்னேன். அப்ப அது நடந்து வந்துச்சு. இடது குதிகாலை மொதல்ல ஊனி, முட்டிய மடக்காம. அது ஒரு படத்துல பைக்லருந்து விழுந்து போன முட்டி. நாலு எட்டு வெச்சதும் இடுப்புகிட்ட கை போச்சு. லுங்கி அவுந்திடுமோன்னு ஏத்திப் பிடிக்கிற கை. ராட்சசன் எங்க லுங்கி கட்டியிருக்கான்? நான் சிரிச்சேன், அப்புறம் அங்கயே நின்னு அழுதேன். படம் இல்லன்னு அலைஞ்சனே, இங்க ஆளே நடக்கறாரு.

அதுலருந்து தினம் மத்தியானம் போயிடுவேன். எனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிட்டாங்க. நானும் வெறுங்கையோட போறதில்ல, சுண்டல் கிண்டல் எடுத்துக்கிட்டுப் போவேன். யாராலயும் அவரை ஜெயிக்க முடியல. கடலைத் தாண்டுவாங்க, மலையைத் தாண்டுவாங்க, குகை வாசல்ல அவர்கிட்ட ஒரே அடி, முடிஞ்சிது. ஒவ்வொருத்தனும் தலையில கை வெச்சிக்கிட்டு உட்காருவான், எனக்கு நல்ல காப்பி குடிச்ச மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் தோத்ததுக்கெல்லாம் சேத்து அங்க ஜெயிச்சிக்கிட்டிருந்தாரு. வடபழனி முருகன்கிட்ட போயி வேண்டிக்கிட்டேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம், இவரை யாரும் விழ வெக்கக் கூடாது, அது போதும்னு.

அங்க பெனிட்டான்னு ஒரு பொண்ணு வரும். பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல வேலை, சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்துடும். பிடிவாதக்காரி. மத்தவங்க எல்லாம் வேற ஆட்டத்துக்குப் போயிட்டாங்க, இது மட்டும் எங்க வீட்டுக்காரரை விடல. ஒரு நாள் தோத்துட்டு, கையில இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டுச் சொல்லிச்சு, "இது அழுகுணி ஆட்டம் ஆன்ட்டி. இந்த ராட்சசன் சொல்லாம கொள்ளாம அடிக்கிறான்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. யாரைப் பாத்துச் சொல்லாம அடிக்கிறான்ற? எதிராளிக்குத் தெரியாம கைய விடறவன் ஃபைட்டரே கிடையாது, அது தெரியுமா உனக்கு? எங்க வீட்டுக்காரரு அடி விடறதுக்கு ஒரு மூச்சு முன்னாடி இடது தோளை லேசா எறக்குவாரு. அது எதிர்ல நிக்கிறவனுக்குச் சேதி. இப்ப வருது, குனிஞ்சிக்கோன்னு. எந்த ஹீரோ மேலயும் அவரு கை நெசமாப் பட்டதில்ல. ஆளில்லாத ரூமுல நின்னு அடிச்சப்பவும் அந்தப் பழக்கம் போயிருக்காது, காத்துக்குக் கூட சொல்லிட்டுத்தான் அடிச்சிருப்பாரு. அந்தச் சடையத் தாண்டிப் பாருடி, இடது தோளைப் பாருன்னு கத்திட்டேன்.

மானத்துக்காகச் சொன்னேன் தம்பி. வேற எதுக்கும் சொல்லல.

அந்தப் பொண்ணு பாத்துச்சு. அடுத்த ஆட்டத்துல தோள் எறங்கிச்சு, அது குனிஞ்சிது. அடி காத்துல போச்சு. திரும்பத் தோள் எறங்கிச்சு, அது விலகி ஒரு குத்து விட்டுச்சு. அந்தப் பொண்ணு கண்ணு அவரு தோள்லயே இருக்கு. கொஞ்ச நேரத்துல அவரு தள்ளாட ஆரம்பிச்சாரு. நான் ஸ்டூல்லருந்து எழுந்துட்டேன். விட்டுடும்மான்னு சொல்றதுக்குள்ள விழுந்துட்டாரு. கெட்ட முட்டியக் காப்பாத்தி, வலப்பக்கமாச் சாஞ்சி, பொத்துன்னு.

அதுவரைக்கும் அங்க ஒருத்தரும் அவரு விழுந்து பாத்ததில்ல. விசிலடிக்கறாங்க, மேசையத் தட்டறாங்க, அந்தப் பொண்ணு கூண்டைப் பாத்து ஓடிக்கிட்டிருக்கு. நான் மட்டும் கையப் பாத்தேன். பழக்கம், வேற என்ன. நகம் வளந்த அந்த நீலக் கையில ரெண்டு விரல் எழும்பி, தரையில டொக், டொக்.

எனக்கு ஒண்ணுமில்லங்கறாரு.

நான் அப்படியே தரையில உட்காந்துட்டேன். ஆன்ட்டி தண்ணி குடிங்கன்னு பசங்க ஓடி வர்றாங்க. எனக்குத் தண்ணி வேணாம். இன்னொரு தடவை ஆடும்மான்னேன். திரும்ப விழுந்தாரு, திரும்ப விரல் ஆடிச்சு. யாரும் விழ வெக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்ட வாயாலயே, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். கிளினிக்குக்கு நேரமாச்சுன்னு அது கெளம்பற வரைக்கும் கேட்டேன்.

அந்தப் பொண்ணு பண்ணின துரோகத்தைக் கேளு. நம்பிச் சொன்ன சேதிய வீடியோ எடுத்து ஊரு பூரா பரப்பிடுச்சு. தோளைப் பாரு, தோளைப் பாருன்னு இப்ப சின்னப் புள்ளை கூட அவரை விழ வெக்கிது. அந்தக் கதையில வர்ற பொம்பளையேதான். பக்கத்துலயே உட்காந்து, நான் கொண்டு போன சுண்டலைத் தின்னுட்டு, நைசாப் பேசி விஷயத்தை வாங்கிக்கிட்டு. நான் அப்பவே சொன்னேன் இல்ல, அந்த மாதிரிப் பொம்பளைங்களை எனக்குப் பிடிக்காதுன்னு. ஆனாலும் மத்தியானம் போனா அதுகிட்டதான் ஆடச் சொல்லிக் கேப்பேன். மத்ததுங்க விழ வெச்சதும் கூண்டுக்குப் பறக்குதுங்க. இது மட்டும்தான் எனக்காகக் கொஞ்சம் நிக்கும்.

இப்ப என்னாச்சுன்னா, ஆட்டம் ரொம்பச் சுலபமாயிடுச்சுன்னு ஆளாளுக்குக் கம்பெனிக்கு எழுதிட்டாங்க. அதனால அந்தத் தோளைச் சரி பண்ணப் போறாங்களாம். ராட்சசன் ஒடம்புல அது ஒரு பிழைன்னு வெச்சிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை அப்டேட்டு. அதுக்குத்தான் இன்னிக்குத் தரமணிக்குப் போனேன். நல்ல பசங்கதான், உட்கார வெச்சி டீ குடுத்தாங்க, சாரைப் பத்தி ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. அதுல ஒரு பையன் சொல்றான், "நீங்க சந்தோஷப்படணும்மா. இனிமே சாரை யாராலயும் ஜெயிக்க முடியாது."

நான் கேட்ட வரத்தைத்தான் குடுக்கறாங்க. ஆனா அவரு தோள் எறங்காது. போனதுக்கப்புறம் அவரைச் சொல்லாம கொள்ளாம அடிக்கிற ஆளாக்கிடுவாங்க. அப்புறம் அவரு விழ மாட்டாரு. விழலன்னா விரல் எங்க ஆடும்? தோளை அப்படியே விட்டுடுங்கப்பான்னு மட்டும் கேட்டேன். விரலைப் பத்தி வாயே திறக்கல. செத்தவன் விரல் எப்படி ஆடும்னு அதையும் பிழைன்னு எடுத்துட்டாங்கன்னா நான் எங்க போவேன். பாக்கறோம்மான்னாங்க. பாக்கறோம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா. லிஃப்ட்ல எறங்கும்போது அழுதுட்டேன் தம்பி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில கூட நான் இப்படி அழல.

உன் ஃபோன்ல அந்த அப்டேட்டு இன்னும் வரல இல்ல? வந்தாலும் போட்டுடாத. கொஞ்சம் இப்படித் திருப்பு, எனக்கும் தெரியட்டும். இப்ப ஆடு. அவசரப்படாத. கொம்பைப் பாக்காத, பல்லைப் பாக்காத, சடையத் தாண்டித் தோளைப் பாரு. அவருக்கு இடது, உனக்கு வலப்பக்கம் தெரியும். இரு. இரு. எறங்குது பாரு, குனி. ஆங். இப்ப விடு ஒண்ணு. அவருக்கு வலிக்காது, நீ அடி. திரும்ப எறங்குது. குனி. இப்ப.

விழுந்துட்டாரு. கையப் பாரு, வலது கை. பாத்தியா? டொக், டொக்.

வடபழனியா? எறங்கறவங்க எறங்கட்டும் கண்டக்டர், நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன். நீ எங்க ஓடற தம்பி? கூண்டுக்குப் போகாத. கிளி எங்கயும் போயிடாது. அவரு பக்கத்துல போயி கொஞ்ச நேரம் நில்லு. விழுந்தா யாராவது உடனே போயி நிக்கணும் இல்ல.